9.9 பெரியதா, 9.11 பெரியதா?

பிள்ளைகளே, முதலில் ஒரு சின்னக் கணக்கு. பேப்பர், பென்சில் எதுவும் வேண்டாம். மனசுக்குள்ளேயே விடை சொல்லுங்கள். 9.9, 9.11 இந்த இரண்டு எண்களில் எது பெரியது?

சொல்லிவிட்டீர்களா? 9.9 என்று சொன்னவர்களுக்கு ஒரு சபாஷ்! 9.11 என்று சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டாம். உங்களுக்குப் பெரிய பெரிய இடத்தில் கூட்டாளிகள் இருக்கிறார்கள். கோடி கோடியாகப் பணம் கொட்டிச் செய்த கம்ப்யூட்டர் மூளைகளே இந்தக் கேள்வியில் தடுக்கி விழுந்திருக்கின்றன.

எனக்கு இந்தச் சங்கதி தெரிய வந்தது என் பேத்தியால்தான். 2024-ம் ஆண்டு ஓணத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அப்போது ஏழாம் வகுப்பு. தசம எண்களை ஏறு வரிசையில் எழுதும் வீட்டுப்பாடம். நோட்டை வாங்கிப் பார்த்தேன். 9.9-க்கு அடுத்து 9.11 என்று எழுதியிருந்தாள்.

"இது தப்பு மக்கா" என்றேன்.

"இல்ல பாட்டா. செல்போன்ல கேட்டுப் பாத்துட்டுதான் எழுதினேன். 9.11-தான் பெருசுன்னு வெளக்கமா சொல்லிச்சு" என்றாள்.

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கிழவன் ஒரு பக்கம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செல்போன் இன்னொரு பக்கம். பேத்தி யார் பக்கம் என்று அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

செல்போனை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான்! 'புள்ளிக்குப் பிறகு ஒன்றில் 9 இருக்கிறது, இன்னொன்றில் 11 இருக்கிறது, 11-தானே பெரியது' என்கிற பாணியில் நாலு வரி விளக்கம். படித்தால் நமக்கே சந்தேகம் வந்துவிடும். அப்படி ஒரு தெளிவு, அப்படி ஓர் உறுதி.

பேத்தியோடு வாதாடவில்லை. தோவாளைப் பூச்சந்தைக் கணக்கு ஒன்று சொன்னேன். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தையைத் தெரியாமல் இருக்காது. ஓணம் நெருங்கினால் கேரளத்துக்கு வண்டி வண்டியாகப் பூ போகும் இடம். இரண்டு பேர் பிச்சிப்பூ கொண்டுவருகிறார்கள். ஒருவருடைய மூட்டை 9.9 கிலோ. இன்னொருவருடையது 9.11 கிலோ. மின்னணுத் தராசில் வைத்தால் என்ன காட்டும் தெரியுமா? முதல் மூட்டைக்கு 9.900. இரண்டாவதுக்கு 9.110. அதாவது 9 கிலோ 900 கிராம், 9 கிலோ 110 கிராம். இப்போது சொல்லுங்கள், எது கனமான மூட்டை?

தராசு புத்திசாலி. புள்ளிக்குப் பிறகு எப்போதும் மூன்று இடம் காட்டுகிறது. அதனால் யாரும் ஏமாறுவதில்லை. 9.9-ல் புள்ளிக்கு அடுத்த 9 என்பது வெறும் ஒன்பது அல்ல, பத்தில் ஒன்பது பங்கு. 9.11-ல் புள்ளியை ஒட்டி இருப்பது பத்தில் ஒரு பங்குதான். அதற்கு அடுத்த 1 இன்னும் சின்னது, நூறில் ஒரு பங்கு. இரண்டு மூட்டைக்கும் வித்தியாசம் 790 கிராம். முகூர்த்த நாளில் 790 கிராம் பிச்சிப்பூ என்ன விலை என்று வீட்டில் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். தசமப் புள்ளி எவ்வளவு பெரிய ஆள் என்று தெரியும்!

பேத்தி நோட்டைத் திருத்திவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இவ்வளவு பெரிய இயந்திரம் இந்தச் சின்னக் கணக்கில் ஏன் தவற வேண்டும்? விசாரித்துப் பார்த்ததில், இது ஏற்கெனவே உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்த கதை என்று தெரிந்தது.

அது தொடங்கியது சீனாவில். 2024 ஜூலையில் அங்கே ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி. சுன் நான் என்ற சீனப் பாடகருக்கு 13.8 சதவிகித ஓட்டு. ஷாந்தே மூர் என்ற அமெரிக்கப் பாடகிக்கு 13.11 சதவிகித ஓட்டு. சுன் நான் முன்னால் இருந்தார். உடனே சிலர், '13.11-தானே பெரியது? இது என்ன அநியாயம்?' என்று இணையத்தில் சண்டைக்கு வந்துவிட்டார்கள். வளர்ந்த மனிதர்கள்தான், சின்னப் பிள்ளைகள் அல்ல! பிறகுதான் உண்மை புரிந்து அடங்கினார்கள்.

இந்தக் கூத்தைப் பார்த்த ஆய்வாளர்கள் சும்மா இருப்பார்களா? அதே மாதிரிக் கேள்வியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் போட்டார்கள். அமெரிக்காவில் ரைலி குட்சைட் என்பவர் 9.11, 9.9 என்று இரண்டு எண்களைக் கொடுத்து எது பெரியது என்று கேட்டார். அப்போது முன்னணியில் இருந்த சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மூன்றும் தப்பாகச் சொல்லின. சீனாவில் யீசாய் என்ற செய்தி நிறுவனம் 12 செயலிகளை வரிசையாக நிறுத்தித் தேர்வு வைத்தது. 4 பாஸ், 8 பெயில்! என் வகுப்பில் ஒரு வருஷம்கூட இப்படி மோசமான தேர்ச்சி வந்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை. கேள்வியின் வார்த்தைகளை முன்னும் பின்னுமாக மாற்றிக் கேட்டால் அதே செயலி சில நேரம் சரியாகச் சொன்னது. யோசித்துப் பாருங்கள். 'ஏழும் ஐந்தும் எவ்வளவு?' என்றால் 12, 'ஐந்தும் ஏழும் எவ்வளவு?' என்றால் 13 என்று ஒரு பையன் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? இவன் கூட்டவே இல்லை, குருட்டாம்போக்கில் அடித்துவிடுகிறான் என்றுதானே?

கிட்டத்தட்ட விஷயம் அதுதான்.

இந்தச் செயலிகளுக்கு மொழி மாதிரி என்று பெயர். கோடிக்கணக்கான பக்கங்களை இவற்றுக்குள் செலுத்திப் பழக்குகிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்பதை இவை அதிலிருந்து பழகிக்கொள்கின்றன. நீங்கள் 'ஈரெட்டு...' என்று சொன்னால் கடைசி பெஞ்சுக்காரன்கூடப் 'பதினாறு' என்று ராகம் போடுவான் அல்லவா? அவன் இரண்டையும் எட்டையும் பெருக்கினானா? இல்லை. கேட்டுக் கேட்டு வாயில் வந்துவிட்டது. மொழி மாதிரி அப்படித்தான் அடுத்து வரவேண்டிய துண்டை ஊகித்து ஊகித்துப் பதிலைக் கோக்கிறது. வாசகத்தை அது நம்மைப்போல எழுத்து எழுத்தாகவும் பார்ப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறது. 9.11 என்பது பல செயலிகளுக்கு '9', '.', '11' என்று மூன்று துண்டு. 11 என்கிற துண்டு 9-ஐவிடப் பெரிதாகத் தோன்றுவதில் என்ன ஆச்சரியம்?

'கால்குலேட்டரும் இயந்திரம்தானே, அது தப்புச் செய்வதில்லையே?' என்று உங்களில் யாரோ கேட்பது எனக்குக் கேட்கிறது. நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல 200 வருஷம் பின்னால் போகலாம், வாருங்கள்.

1825-ம் ஆண்டு. புதுச்சேரி. ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் நம் நாட்டுப் பஞ்சாங்கக் கணக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 'காலசங்கலிதம்' என்று அவர் எழுதிய புத்தகம் அதே வருஷம் வெளிவந்தது. அவருக்காகத் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் ஒரு சந்திர கிரகணம் எப்போது வரும் என்று கணித்துச் சொன்னார். எப்படி? தரையில் சோழிகளை அடுக்கிக்கொண்டார். வேண்டிய எண்களையெல்லாம் சொற்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். சோழியை நகர்த்துவார், கூட்டுவார், எடுப்பார். விடை வந்துவிட்டது. அந்த வருஷம் மே 31, ஜூன் 1-க்கு இடைப்பட்ட இரவில் கிரகணம் வந்தது. தொடங்கும் நேரத்தில் பிழை வெறும் 4 நிமிஷம்! நடு நேரத்தில் 23 நிமிஷமும் முடிவில் 52 நிமிஷமும் பிசகியது. ஆனாலும் தொலைநோக்கி, பேப்பர் எதுவும் இல்லாமல் சோழியை வைத்துப் போட்ட கணக்கு, பாருங்கள்.

வாரன் எழுதிவைத்திருக்கும் இன்னொரு செய்திதான் நமக்கு முக்கியம். கிரகணம் ஏன் வருகிறது, இந்தக் கணக்கின் தத்துவம் என்ன என்பதெல்லாம் அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தெரியாதாம். படிகள் தெரியும். எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்பதில் அவருக்குப் பிசகே கிடையாது.

கால்குலேட்டர் அந்தப் பஞ்சாங்கக்காரரின் ஜாதி. அதற்கும் ஒன்றும் புரியாது. ஆனால் படி தவறாது. மொழி மாதிரியோ, படியில் ஏறாமல் 'மாடியில் இதுதான் இருக்கும்' என்று கீழே நின்றே சொல்லும் ஆள். பெரும்பாலும் சரியாக இருக்கும், அதுதான் ஆபத்து. இதை அதைச் செய்தவர்களும் உணர்ந்துகொண்டார்கள். 2024-ன் கடைசியிலிருந்து, விடை சொல்வதற்கு முன் படிப்படியாக யோசித்து எழுதும் மாதிரிகள் வந்தன. சில செயலிகள் கணக்கு என்றால் உள்ளேயே ஒரு கால்குலேட்டரையோ சிறு புரோகிராமையோ கூப்பிட்டுக்கொள்கின்றன. அதனால் இன்று 9.9 கேள்வியைக் கேட்டால் பலவும் சரியாகவே சொல்லும். அன்று பெயிலானவர்கள் டியூஷன் போய்த் தேறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பிள்ளைகளே, எனக்கு இதில் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. தப்புச் செய்த பிள்ளையை அடிப்பதைவிட, அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் வாத்தியார் வேலை. 9.11 பெரியது என்ற எண்ணம் அந்த இயந்திரத்துக்கு எங்கிருந்து வந்தது?

நம்மிடமிருந்துதான்!

உங்கள் கணக்குப் புத்தகத்தை எடுங்கள். பயிற்சி 1.9, அப்புறம் 1.10, அப்புறம் 1.11. அங்கே 1.11 பின்னால்தானே வருகிறது? ரயில் நேரத்தைப் பாருங்கள். நாகர்கோவில் சந்திப்பில் ஒரு வண்டி 9.09-க்கு, இன்னொன்று 9.11-க்கு என்று வைத்துக்கொள்வோம். 9.11 வண்டிதான் பிந்தி வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு பைபிளில் 9-ம் அதிகாரம் 9-ம் வசனத்துக்குப் பிறகுதான் 11-ம் வசனம். செல்போனில் செயலிகளைப் புதுப்பிக்கும்போது பாருங்கள், 9.9-க்குப் பிறகு 9.10, 9.11 என்று பதிப்புகள் வரும். இயந்திரம் இவை எல்லாவற்றையும் படித்திருக்கிறது. பாவம், புள்ளியை எங்கே பார்த்தாலும் ஒரே புள்ளி என்று நினைத்துவிட்டது.

இது என் ஊகம் மட்டும் அல்ல. டிரான்ஸ்லூஸ் என்ற அமெரிக்க ஆய்வுக் குழு 2024-ல் ஒரு மொழி மாதிரியின் உள்ளே எட்டிப் பார்த்தது. 9.8, 9.11 எண்களை ஒப்பிடச் சொன்னபோது, உள்ளே பைபிள் வசனங்களுக்கும் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கும் தொடர்புள்ள பகுதிகள் விழித்துக்கொண்டு நின்றனவாம்! அமெரிக்கர்கள் அந்தத் தேதியை 9/11 என்று எழுதுவார்கள். அந்தப் பகுதிகளை அமுக்கி வைத்ததும் சரியான விடை அதிகமாக வந்ததாம். கணக்கு வகுப்பில் உட்கார்ந்துகொண்டு சரித்திரப் பாடத்தை நினைக்கும் பையனைப் போல.

நம் நாஞ்சில் நாட்டிலேயே 9-11 பெரிதாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1-ல்தான் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர். அங்கே ராஜா காலத்து நாணயம் சக்கரமும் காசும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஒன்பது சக்கரம் ஒன்பது காசைவிட ஒன்பது சக்கரம் பதினொரு காசு கூடத்தானே? ரூபாய்க்கு நூறு பைசா என்கிற தசமக் கணக்கு இந்தியாவில் வந்தது 1957 ஏப்ரல் 1-ல்தான். என் அப்பாவெல்லாம் அந்தக் காலத்து ஆட்கள். புதுப் பைசாவோடு மல்லுக்கட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சரி, இயந்திரத்தையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறேனே, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை பேத்தியிடம்கூடச் சொன்னதில்லை.

முப்பது வருஷம் இருக்கும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் விளையாட்டு விழா. குண்டு எறிதலில் டேப் பிடித்து அளப்பது என் வேலை. ஒரு மாணவன் நோட்டில் குறித்துக்கொள்வான். நெட்டையான ஒரு பையன் எறிந்தான். அளந்து, "ஒன்பது மீட்டர் ஒன்பது!" என்று கத்தினேன். 9 மீட்டர் 9 சென்டிமீட்டர் என்று அர்த்தம். குறிப்பவன் 9.9 என்று எழுதினான். அடுத்து ஒரு குட்டையான பையன். அவனிடம் யாரும் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. "ஒன்பது மீட்டர் பதினொன்று!" அவன் 9.11 என்று எழுதினான்.

சாயங்காலம் இன்னோர் ஆசிரியர் அந்த நோட்டைப் பார்த்து முடிவு எழுதினார். அவர் கணக்கில் கெட்டிக்காரர். 9.9 பெரியது, 9.11 சிறியது என்று சரியாகவே ஒப்பிட்டார். நெட்டைப் பையனுக்கு முதல் பரிசு எவர்சில்வர் தட்டு. குட்டைப் பையனுக்கு சோப்புப் பெட்டி. அவன் மேடையில் வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். அளந்தபோது என் பக்கத்தில் நின்று அவனும்தானே கேட்டான்!

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. மூன்று நாள் கழித்து நோட்டைப் புரட்டும்போதுதான் திக்கென்றது. 9 மீட்டர் 9 சென்டிமீட்டரை 9.09 என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு பூஜ்யம் விட்டுப்போனது. அந்தப் பூஜ்யம் 81 சென்டிமீட்டர் தூரத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டது. நான் "ஒன்பது மீட்டர் பூஜ்யம் ஒன்பது" என்று சொல்லியிருந்தால் வந்திருக்காத வினை. தலைமையாசிரியரிடம் சொல்லி, திங்கட்கிழமை பிரேயரில் எல்லார் முன்னாலும் என் தப்பைச் சொன்னேன். நாகர்கோவிலில் இன்னொரு தட்டு வாங்கி அவன் கையில் கொடுத்தேன். ஆனால் குறுவட்டப் போட்டிக்கு முதல் பரிசுக்காரன் பெயர் அதற்குள் போய்விட்டது. அதை மாற்ற முடியவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு, "பரவால்ல சார்" என்றான் அந்தப் பையன். அந்தப் 'பரவால்ல' எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

கவனித்தீர்களா? அன்று கணக்குப் போட்டவர் சரியாகப் போட்டார். புள்ளியை எழுதியதில்தான் பிழை. மீட்டருக்கும் சென்டிமீட்டருக்கும் நடுவே வெறும் கோடு மாதிரி அதை வைத்துவிட்டோம். அதனால் புள்ளி வைத்த எண்ணைக் கண்டால் முதலில் கேளுங்கள்: இது என்ன புள்ளி? கிலோவா, மணியா, பாட எண்ணா? தசமம்தான் என்று தெரிந்தால், தராசு செய்வதைச் செய்யுங்கள். 9.9-ன் வாலில் ஒரு பூஜ்யம் போட்டு 9.90 ஆக்குங்கள். இப்போது 90-ஐயும் 11-ஐயும் பார்த்து யாரும் குழம்ப மாட்டார்கள்.

செல்போனைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே கணக்கை இரண்டு மூன்று செயலிகளிடம் கேட்டு நோட்டில் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். சரியான விடை வந்த பிறகு, "இல்லையே, தப்பாக இருக்கிறதே" என்று வேண்டுமென்றே மிரட்டிப் பாருங்கள். சில நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சரியான விடையைத் தப்பாக மாற்றிவிடும்! நல்ல மாணவன் பயப்படாமல், 'இல்லை சார், நான் போட்டது சரிதான்' என்று படியைக் காட்டுவான்.

பெரிய பெருக்கல் ஒன்றும் கொடுங்கள். 4738 × 6291. விடை 2,98,06,758. இந்த மாதிரிப் பெருக்கலை மொழி மாதிரி ஊகத்தில் சொன்னால் முதல் இலக்கங்களும் கடைசி இலக்கமும் சரியாக இருக்கும், நடுவில் எங்கேயாவது பிசகும். அதைப் பிடிக்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஓர் இலக்கமாக்குங்கள். 4738-க்கு 22, அதைக் கூட்டினால் 4. 6291-க்கு 18, கூட்டினால் 9. 4 × 9 = 36, கூட்டினால் 9. விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 45, அதுவும் 9. பொருந்துகிறது! இயந்திரம் 2,98,16,758 என்று சொல்லியிருந்தால் 46 வரும், அதைக் கூட்டினால் 10, பிறகு 1. உடனே பிடிபட்டுவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. இரண்டு இலக்கங்கள் இடம் மாறி 2,98,60,758 என்று வந்தால் இந்த வித்தை ஏமாந்துபோகும். ஏன் என்று நீங்களே யோசியுங்கள்.

போவதற்கு முன் பேத்திக்குக் கொடுத்த கணக்கை உங்களுக்கும் தருகிறேன். செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு ஏறு வரிசையில் எழுதுங்கள்:

9.11, 9.9, 9.09, 9.101

(விடை: 9.09, 9.101, 9.11, 9.9)